கூடவே இறங்கி வந்த மலை



புனித நாட்டுக்குத் திருப்பயணம் செல்லும் குழுக்களின் நிகழ்ச்சி நிரலை நம்மில் பலர் பார்த்திருப்போம். எருசலேம், பெத்லகேம், நாசரேத்து, கானா, தாபோர் மலை, கலிலேயக் கடலில் படகுப் பயணம் என்று வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். அந்த வரிசையின் ஓரத்தில், பெரும்பாலும் ஒரே வரியில், 'ஹைஃபா – கார்மேல் மலை' என்றும் இருக்கும். பேருந்து மலைமேல் ஏறும். ஆலயத்தைப் பார்ப்பார்கள். கீழே துறைமுகமும் நீலக் கடலும் தெரியும் இடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். சிறிது நேரத்தில் வண்டி இறங்கிவிடும்.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பயண நாள்கள் குறைவு, பார்க்க வேண்டிய இடங்கள் அதிகம். அதோடு, இயேசு கார்மேல் மலைக்குப் போனதாக நற்செய்தி நூல்களில் ஒரு குறிப்பும் இல்லை. அவர் பிறந்த குகை இங்கு இல்லை. அவர் இறந்த பாறை இங்கு இல்லை. அவரை அடக்கம் செய்த கல்லறையும் இங்கு இல்லை. அப்படியானால் இந்த மலைக்கு ஏன் போக வேண்டும்? போக முடியாதவர்கள் எதை இழக்கிறார்கள்? இந்த இரண்டு கேள்விகளோடு கார்மேலின் வரலாற்றை இன்று சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

கார்மேல் என்பது ஒற்றைச் சிகரம் அன்று. கடலை ஒட்டித் தொடங்கி, தென்கிழக்காக உள்நாட்டை நோக்கி நீளும் மலைத்தொடர். அதன் உச்சி 546 மீட்டர் உயரம். நம் கொடைக்கானலோடு ஒப்பிட்டால் சிறிய மலைதான். ஆனால் கடலிலிருந்து நேரே எழுவதால் தொலைவிலிருந்து வரும் கப்பல்களுக்கும் கண்ணில் படும். எபிரேய மொழியில் அந்தப் பெயருக்குச் செழிப்பான தோட்டம் என்று பொருள். கடற்காற்று கொண்டுவரும் ஈரத்தால் மற்ற இடங்கள் காய்ந்தாலும் இந்த மலை பசுமையாக இருக்கும். அதனால்தான் இறைவாக்கினர் ஆமோஸ், வரவிருக்கும் தண்டனையின் கடுமையைச் சொல்ல, கார்மேலின் உச்சியே காய்ந்துபோகும் என்றார். பாலைநிலத்துக்குக் கிடைக்கப்போகும் அழகைச் சொல்ல, எசாயாவுக்கும் கார்மேலே நினைவுக்கு வந்தது. கார்மேல் காய்ந்தால் நாடே காய்ந்தது என்று பொருள்.

அப்படி நாடே காய்ந்த ஒரு காலத்தில்தான் இறைவாக்கினர் எலியா இந்த மலைக்கு வந்தார். ஆகாபு அரசரின் ஆட்சி. மழை பெய்து ஆண்டுகள் ஆகிவிட்டன. மக்கள் ஒரு காலை ஆண்டவரிடமும் மறு காலைப் பாகாலிடமும் வைத்துக்கொண்டு தடுமாறினார்கள். பாகாலின் பொய்வாக்கினர் 450 பேர். எதிரில் எலியா தனி ஒருவர். பலிப்பொருள்மேல் வானத்திலிருந்து நெருப்பு இறங்கிய நிகழ்ச்சி நமக்கெல்லாம் தெரிந்ததே. ஆனால் அதற்கு முன் எலியா செய்த ஒரு செயலை நாம் எளிதில் கடந்துபோய்விடுகிறோம். அந்த மலையில் ஆண்டவருக்கென்று ஏற்கெனவே ஒரு பலிபீடம் இருந்தது. அது இடிந்து கிடந்தது. எலியா முதலில் அதைச் செப்பனிட்டார். பன்னிரண்டு குலங்களையும் நினைத்துப் பன்னிரண்டு கற்களை எடுத்துக் கட்டினார். அதன் பிறகே மன்றாடினார்.

நெருப்பு உடனே இறங்கியது. மழைக்கோ காத்திருக்க வேண்டியிருந்தது. எலியா மலையுச்சியில் தலையை முழங்கால்களுக்கிடையே புதைத்துக்கொண்டு, கடலைப் பார்த்து வரும்படி தம் பணியாளை அனுப்பினார். ஒன்றும் இல்லை என்று அவன் திரும்பி வந்தான். மறுபடியும் அனுப்பினார். ஏழாம் முறைதான் உள்ளங்கை அளவு சிறிய மேகம் ஒன்று கடலிலிருந்து எழுவது தெரிந்தது. இன்று ஹைஃபாவில் நின்று நாம் படம் எடுக்கும் அதே கடல். கிடைக்கும் என்ற உறுதியோடு, கிடைக்காத ஆறு முறைகளையும் தாங்கிக்கொள்ளும் செபம் இந்த மலையில் நமக்குக் கிடைக்கும் முதல் பாடம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நெருப்பு இறங்கிய பிறகு, பாகாலின் வாக்கினர்களை எலியா கீசோன் ஓடைக்குக் கொண்டுபோய்க் கொன்றதாக விவிலியம் சொல்கிறது. அந்த இடத்தில் உள்ள எலியாவின் சிலையும் வாளை ஓங்கியபடி நிற்கிறது. ஆனால் விவிலியம் அங்கே கதையை முடிக்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் அதே எலியா உயிருக்குப் பயந்து ஓடுகிறார்; சாவை வேண்டுகிறார். ஓரேபு மலையில் ஆண்டவர் அவருக்குப் புயலிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் அல்லாமல் மெல்லிய ஒலியில் தம்மை வெளிப்படுத்துகிறார். வாளோடு கார்மேலை விட்டுப் போனவருக்கு அமைதியின் பாடம் பிறகுதான் கிடைத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம். இந்த மலையின் வரலாற்றில் வாள் திரும்பத் திரும்ப வரும்.

எலியாவுக்குப் பின் எலிசா. அவர் கார்மேலில் இருந்தபோது அங்கே ஒரு பெண் வந்தார். விவிலியத்தில் கார்மேலுக்குப் பயண ஏற்பாடு செய்துகொண்டு போனவர் என்றால் இந்தப் பெண்தான். சூனேம் ஊரைச் சேர்ந்தவர், பெயர் சொல்லப்படவில்லை. நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்து பெற்ற ஒரே மகன், அறுவடை வயலில் தலைவலி என்று சொன்னான். நண்பகலில் தாயின் மடியிலேயே இறந்துபோனான். அந்தத் தாய் அழுது கூட்டம் கூட்டவில்லை. பிள்ளையை எலிசாவின் படுக்கையில் கிடத்திக் கதவைச் சாத்தினார். ஒரு கழுதையும் ஒரு பணியாளும் வேண்டும் என்று கணவரிடம் கேட்டனுப்பினார். கணவரோ, இன்று அமாவாசையும் இல்லை, ஓய்வுநாளும் இல்லை, இன்றைக்கு எதற்காகப் போகிறாய் என்று கேட்டார்.

நேயர்களே, இந்தக் கேள்வி நம் வீடுகளிலும் கேட்கும் கேள்விதான். திருநாள் இல்லை, கொடியேற்றம் இல்லை, இன்றைக்கு ஏன் கோயிலுக்கு? அந்தத் தாய் விளக்கம் சொல்லவில்லை. எல்லாம் நலமே என்று மட்டும் சொல்லிவிட்டு, வேகத்தைக் குறைக்காதே என்று பணியாளிடம் கூறி, சமவெளியைக் கடந்து கார்மேலுக்குப் போனார். எலிசாவின் கால்களைப் பற்றிக்கொண்டார். கேகசி அவரைத் தள்ளிவிடப் பார்த்தான், எலிசா தடுத்தார். அவளுடைய மனத்துயரை ஆண்டவர் தமக்கு வெளிப்படுத்தவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். தம் கோலைக் கொடுத்துக் கேகசியை முன்னே அனுப்பினார். தாய்க்கு அது போதவில்லை. உம்மை விட்டுப் போகமாட்டேன் என்று நின்றார். கடைசியில் எலிசா எழுந்து அவரோடு புறப்பட்டார்.

இங்கே கவனியுங்கள். அந்தத் தாய்க்குக் கார்மேல் மலையின் மேல் அற்புதம் எதுவும் நடக்கவில்லை. பிள்ளை உயிர் பெற்றது சூனேமில், அவருடைய சொந்த வீட்டு மாடியறையில். மலையில் அவருக்குக் கிடைத்தது, தம்மோடு இறங்கி வந்த ஓர் இறையடியார். எலியாவின் கதையிலும் அப்படித்தான்: மேகம் மலையிலிருந்து தெரிந்தது, மழை பெய்ததோ கீழே காய்ந்து கிடந்த நிலங்களில். கார்மேலின் வரலாறு முழுவதும் இதுவே நடக்கிறது. ஏறிப் போனவர்களோடு அந்த மலை இறங்கி வருகிறது.

பல நூற்றாண்டுகள் கழித்து, சிலுவைப் போர்களின் காலத்தில், ஐரோப்பாவிலிருந்து வந்த சிலர் இந்த மலையின் மேற்குச் சரிவில் ஒரு நீரூற்றின் அருகே குகைகளில் தனித்து வாழத் தொடங்கினார்கள். நாட்டை வாளால் மீட்கலாம் என்று படைகள் வந்துபோன காலம் அது. இவர்களோ எலியாவின் ஊற்று என்று அழைக்கப்பட்ட அந்த நீரருகே வாய்மூடி அமர்ந்தார்கள். தங்களுக்கு ஒரு வாழ்க்கை ஒழுங்கு வேண்டும் என்று எருசலேமின் முதுபெரும் தந்தை புனித ஆல்பர்ட்டிடம் கேட்டார்கள். எருசலேம் கையைவிட்டுப் போயிருந்ததால் அவர் ஆக்கர் நகரில் தங்கியிருந்தார். 1206-க்கும் 1214-க்கும் இடையில் அவர் எழுதிக் கொடுத்த ஒழுங்கு மிகச் சுருக்கமானது. ஒவ்வொருவருக்கும் தனி அறை, இரவும் பகலும் இறைவார்த்தையைத் தியானித்தல், யாருக்கும் சொந்தச் சொத்து இல்லை, கையுழைப்பு, மௌனம், அறைகளின் நடுவே ஒரு சிற்றாலயம், அங்கே காலைதோறும் கூடித் திருப்பலி. படைக்கலன்களைப் பற்றியும் அதில் பேச்சு உண்டு. ஆனால் அவை பவுலடியார் சொன்ன நம்பிக்கை என்னும் கேடயமும் இறைவார்த்தை என்னும் வாளுமே. அந்த ஒழுங்கை எழுதிய ஆல்பர்ட், 1214 செப்டம்பர் 14 அன்று, திருச்சிலுவைத் திருநாள் பவனியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார்.

துறவிகள் அந்தச் சிற்றாலயத்தை அன்னை மரியாவுக்கு அர்ப்பணித்தார்கள். கார்மேல் மலைத் தூய கன்னி மரியாவின் சகோதரர்கள் என்ற பெயர் அவர்களுக்கு வந்தது. கார்மேல் சபையின் தொடக்கம் இதுதான். ஆனால் அமைதி நீடிக்கவில்லை. 1238-ஐ ஒட்டிச் சிலர் சைப்பிரசு, சிசிலி, பிரான்சு, இங்கிலாந்து என்று இடம்பெயர்ந்தார்கள். 1291 மே மாதம் ஆக்கர் நகர் வீழ்ந்தது. மலையில் மீதமிருந்த துறவிகளின் வாழ்வும் அத்தோடு முடிந்தது. அவர்கள் அன்னையின் புகழைப் பாடியபடியே உயிர்விட்டார்கள் என்பது சபையின் மரபு.

மனிதர் பார்வையில் இது முழுத் தோல்வி. ஊற்று இருந்தது, குகைகள் இருந்தன, செபிக்க ஆள் இல்லை. மலையை இழந்த சபையோ அழியவில்லை. அவிலா நகரின் புனித தெரசா, புனித சிலுவை யோவான், குழந்தை இயேசுவின் புனித தெரேசா ஆகிய மூவரும் கார்மேல் சபையினர். மூவருமே திரு அவையின் மறைவல்லுநர்கள். மூவருமே கார்மேல் மலையைக் கண்ணால் பார்க்காதவர்கள். சிலுவை யோவான் எழுதிய ஒரு நூலின் பெயரே கார்மேல் மலையேற்றம். அவர் ஏறிய மலை ஆன்மாவுக்குள் இருந்தது.

340 ஆண்டுகள் கழித்து, 1631-இல், தூய ஆவியின் புரோஸ்பெர் என்னும் காலணி துறந்த கார்மேல் சபைத் துறவி மலைக்குத் திரும்பி வந்தார். எலியா இடிந்த பலிபீடத்தைச் செப்பனிட்டது போலவே மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள். மீண்டும் இடிபட்டது. 1760-களில் அப்பகுதியை ஆண்ட சாகிர் அல்-உமர் பழைய மடத்தை இடிக்கச் செய்தார். துறவிகள் இப்போதைய இடத்துக்கு மாறிக் கட்டினார்கள். 1799-இல் நெப்போலியன் ஆக்கர் நகரை முற்றுகையிட்டபோது, காயம்பட்ட, கொள்ளைநோய் கண்ட அவருடைய வீரர்கள் இந்த மடத்தில் கிடத்தப்பட்டார்கள். முற்றுகை தோற்றது, படை பின்வாங்கியது. எழுந்து நடக்க முடியாமல் விடப்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், துறவிகள் விரட்டப்பட்டார்கள். ஆலய முகப்பின் எதிரே கூம்பு வடிவில் நிற்கும் சிறிய நினைவுச்சின்னம் அவர்களுக்கானது. பலர் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். போகிறவர்கள் ஒரு நிமிடம் அங்கே நின்று, போர்களில் கைவிடப்பட்டவர்களுக்காகச் செபியுங்கள்.

1821-இல் ஆக்கரின் அப்துல்லா பாஷா, பகைவர்களுக்குக் கோட்டையாகிவிடும் என்று சொல்லி, எஞ்சியதையும் தரைமட்டமாக்கினார். அப்போது கட்டடக்கலை அறிந்த ஜோவான்னி பத்திஸ்தா காசீனி என்ற அருள்சகோதரர் மனம் தளராமல் நாடு நாடாகச் சென்று நிதி திரட்டினார். புதிய ஆலயம் 1836-இல் திறக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில் பசிலிக்கா என்ற நிலையும் பெற்றது. இன்று நாம் காணும் ஸ்டெல்லா மாரிஸ் ஆலயம் அதுவே. கடலின் விண்மீன் என்று பொருள்படும் இந்தப் பெயர், கடலோர மக்களான நம்மில் பலருக்கு நெருங்கிய பெயர்.

வாள் அதன் பிறகும் வந்தது. முதல் உலகப் போரில் இந்த மலையில் பீரங்கிகள் நிறுத்தப்பட்டிருந்தன. 1918 செப்டம்பர் 23 அன்று ஜோத்பூர் குதிரைப்படையினர் நகரை நோக்கிப் பாய, மைசூர் குதிரைப்படையினர் பீரங்கிகளை அடக்க இதே மலைமேல் ஏறினார்கள். தம் ஊர்களிலிருந்து வெகு தொலைவில் உயிர்விட்ட நம் நாட்டவரின் நினைவிடம் ஹைஃபாவில் உண்டு.

அன்பு நேயர்களே, மலை நம்மோடு இறங்கி வந்ததைப் பற்றிச் சொன்னேன். அது நம் கரை வரைக்கும் வந்தது. கார்மேலுக்கு அருகே கலிலேயாவில் உள்ள இபில்லின் சிற்றூரில் 1846-இல் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த மரியம், பிரான்சில் கார்மேல் சபையில் சேர்ந்தார். 1870-இல் மங்களூருக்குக் கப்பலேறி வந்தார். 1871-இல் தம் துறவற வார்த்தைப்பாட்டை அங்கேதான் கொடுத்தார். பிறகு திரும்பிச் சென்று பெத்லகேமில் கார்மேல் மடம் உருவாக உழைத்து, 1878-இல் இறந்தார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். குமரி மாவட்ட மக்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும்: 1930-இல் கோட்டாறு மறைமாவட்டம் உருவாகும் வரை அப்பகுதி கொல்லம் மறைமாவட்டத்தில் இருந்தது. அப்போதைய கொல்லம் ஆயர் அலோசியுஸ் பென்சிகர் கார்மேல் சபைத் துறவி.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் பாட்டிமாரின் கழுத்தில் கிடந்த உத்தரியம் இருக்கிறதே! அன்னை புனித சைமன் ஸ்டாக்குக்குத் தந்ததாகக் கார்மேல் மரபு போற்றும் அந்தத் தோளாடையின் சிறு வடிவம் அது. நம் முன்னோர் அதற்கு மேலாடை என்று பொருள்படும் பெயரை வைத்து, அன்னையையே உத்தரிய மாதா என்று அழைத்தார்கள். சூலை 16 அன்று திருநாள் கொண்டாடினார்கள். கார்மேல் எந்தத் திசையில் இருக்கிறது என்று அறியாமலேயே கார்மேலை அணிந்திருந்தார்கள். உத்தரியம் தாயத்து அன்று. செபிக்கிறேன், அன்னையைப் போல் இறைவார்த்தையைக் கேட்டு நடக்கிறேன் என்று நாம் தரும் வாக்கு.

ஆகவே, பயணத்துக்குத் திட்டமிடுகிறவர்களுக்குச் சில சொற்கள். போவதற்கு முன் வீட்டில் எல்லாரும் சேர்ந்து அரசர்கள் முதல் நூல் 18, 19-ஆம் அதிகாரங்களையும், இரண்டாம் நூல் 4-ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். எலியா பலியிட்டதாக மரபு காட்டும் முக்ராகா என்னும் இடம் ஹைஃபாவில் இல்லை. மலைத்தொடரின் தென்கிழக்கு முனையில், துரூசு மக்களின் ஊர்களைக் கடந்து போக வேண்டும். அது நிரலில் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். எலியாவின் குகை என்று இரண்டு இடங்கள் உண்டு: ஒன்று ஸ்டெல்லா மாரிஸ் ஆலயப் பீடத்தின் கீழே, மற்றொன்று மலையடிவாரத்தில், யூதரும் இசுலாமியரும் கிறிஸ்தவரும் வணங்கும் இடம். படங்களில் காணும் பொன்னிறக் குவிமாடம் நம் ஆலயம் அன்று. அது பஹாய் சமயத்தாரின் புனித இடம். மரியாதையோடு பாருங்கள். நண்பகலில் ஆலயம் மூடியிருக்கலாம், நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். பீடத்தின் கீழ் உள்ள குகையில் கால் மணி நேரமாவது வாய்பேசாமல் இருக்க உங்கள் குழுத் தலைவரிடம் இடம் கேளுங்கள். உங்கள் தெருவில் நோயாளிகள், பிள்ளையை இழந்தவர்கள், வேலையில்லாதவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் பெயர் எழுதி எடுத்துச் செல்லுங்கள். சூனேம் தாய் வெறுங்கையோடு போகவில்லை. தம் துயரத்தைச் சுமந்துகொண்டு போனார்.

போக முடியாதவர்களுக்கும் ஒரு சொல். கடவுச்சீட்டு எடுத்து, காசு சேர்த்து, கடைசியில் போர்ச் செய்தி வந்து பயணம் நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் திருப்பயண ஆசையை மடித்து வைத்த தாய்மார் இருக்கிறார்கள். உங்களிடம் கேட்கிறேன்: கடன் வாங்கிப் போகாதீர்கள், போகவில்லையே என்று குறைபட்டும் இருக்காதீர்கள். மூன்றரை நூற்றாண்டு மலையே இல்லாமல் கார்மேல் சபை செபித்தது. சூனேம் தாய்க்கு மகன் கிடைத்தது அவருடைய வீட்டு அறையில்தான். உங்கள் வீட்டில் இடிந்து கிடக்கும் பலிபீடம் எது? நின்றுபோன குடும்பச் செபமா? பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி உறவா? இந்த வாரம் அதில் ஒரு கல்லை எடுத்து வையுங்கள். மழை வரும் வரை ஏழு முறையும் கடலைப் பாருங்கள்.

செபிப்போமாக. எலியாவின் மன்றாட்டைக் கேட்டு வறண்ட நிலத்துக்கு மழை தந்த ஆண்டவரே, கார்மேல் அன்னையின் பரிந்துரையால், பயணம் போகிறவர்களைக் காத்தருளும்; போக முடியாதவர்களின் வீடுகளுக்கு நீரே இறங்கி வாரும்; வாள் ஓயாத அந்த நாட்டின் எல்லா மக்களுக்கும் அமைதியைத் தந்தருளும். ஆமென்.